கத்திக்கு வரும் முன்பே

ஆம்பூரில் தைத்த ஷூ ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். மேலே தோல்தான். ஆனால் குதிகால் பக்கம் வழவழப்பாகக் கைக்குத் தட்டுப்படும் லைனிங், பல ஜோடிகளில் தோல் அல்ல. துணிமேல் பாலியூரித்தேன் ஏற்றியது. எங்கள் பக்கம் சுருக்கமாக பி.யு. லைனிங் என்பார்கள். அந்தப் படலத்தின் கனம் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். 54 அங்குல அகலத்தில், ஆயிரக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அந்தக் கனம் மாறக் கூடாது. மாறினால் ஒரு ஷூவில் லைனிங் உரியும், இன்னொன்றில் மடிப்பில் வெடிக்கும்.

ராணிப்பேட்டைப் பக்கம் இப்படிப் பூச்சு ஏற்றும் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான். இந்தப் பக்கம் தோல் தொழிலைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. ஓடிக்கொண்டே இருக்கும் காகிதத்தின் மீதும் துணியின் மீதும் ஒரு திரவத்தைச் சீராகப் பரப்பும் வேலையைப் பற்றித் தமிழில் விரிவாக நான் படித்ததில்லை. எனக்குச் சோறு போட்ட வேலை அது. அதை முறையாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சொல்ல வருவது ஒன்றுதான். பூச்சு கெட்டால் எல்லோரும் கத்தியைப் பார்க்கிறார்கள். கத்தியை ஏற்று, இறக்கு, மாற்று என்கிறார்கள். நான் பார்த்தவரை, கெட்டதில் பெரும்பகுதி கத்திக்கு வரும் முன்பே கெட்டிருக்கும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நேராகத் துணியில் ஊற்றினால் துணி குடித்துவிடும், விறைத்துப் போகும். மென்மையான லைனிங் வேண்டுமென்றால் முதலில் ரிலீஸ் பேப்பர் என்னும் ஒட்டாத காகிதத்தில்தான் பூச வேண்டும். தோலில் தெரியும் வரியும் சுருக்கமும் அந்தக் காகிதத்திலேயே பதிந்திருக்கும். அதன்மேல் ஸ்கின் கோட் (வெளியே தெரியப் போகும் மேல் படலம்) பூசி ஓவனில் உலர்த்துவோம். அடுத்து ஒட்டும் படலம். அதன்மேல் துணியை அழுத்தி மறுபடி ஓவனுக்குள் விடுவோம். வெளியே வந்ததும் காகிதத்தை உரித்தால் படலம் துணியோடு வந்துவிடும். காகிதத்தைத் திரும்பச் சுற்றி அடுத்த ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கத்தி என்றால் வெட்டுகிற கத்தி இல்லை. ஒரு ரோலுக்கு மேலே, ஓடும் காகிதத்துக்குக் குறுக்காக நிற்கும் கனமான இரும்புப் பட்டை. பட்டைக்குப் பின்னால் மாலை ஊற்றுவோம் (பூசும் கலவைக்கு ஷாப்பில் மால் என்றுதான் பெயர்). காகிதம் அதை இழுத்துக்கொண்டு கத்திக்கு அடியில் போகும். இடைவெளி விட்ட அளவுக்கு மட்டும் வெளியே வரும்.

புதிதாக வேலைக்கு வரும் டிப்ளமா பையன்கள் எல்லோரும் நம்புவது இது: கத்திக்கு அடியில் 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் 0.20 மில்லிமீட்டர் ஈரப் படலம் வரும். வராது. எளிய கணக்கில் பாதிதான் வரும், 0.10. காரணம் அழகானது. காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மால் காகிதத்தின் வேகத்தில் ஓடும். கத்தியைத் தொட்டுக்கொண்டிருக்கும் மால் கத்தியோடு அசையாமல் நிற்கும். நடுவில் இருப்பவை படிப்படியாக இரண்டுக்கும் இடைப்பட்ட வேகம். சராசரி போட்டால் காகித வேகத்தில் பாதி. கத்தியைத் தாண்டியதும் எல்லாமே காகித வேகத்துக்கு வந்துவிட வேண்டும். அதனால் படலம் பாதியாகச் சப்பிக்கொள்ளும். கவனித்துப் பார்த்தால் இந்தக் கணக்கில் வேகமும் இல்லை, மாலின் கெட்டித்தன்மையும் இல்லை. கத்தி முறை இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இது காகிதத்தில் போடுகிற கணக்கு. நிஜ லைனில் கத்திக்குப் பின்னால் தேங்கி நிற்கும் மால் முன்னோக்கித் தள்ளும். தேக்கம் உயர்ந்தால் தள்ளல் கூடும், படலமும் கூடும். வாளியால் நடுவிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் நடுவில் மால் மலையாக நிற்கும், ஓரங்களில் வற்றிப்போகும். பிறகு நடுவில் கனம், ஓரத்தில் மெலிவு என்று ரிப்போர்ட் வரும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்துக் கத்தியின் இடம், நடு, வலம் என்று அளந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கத்தியின் மேல் என்ன குற்றம்?

மேல்விஷாரத்திலிருந்து வரும் பாய் ஒருவர்தான் எங்கள் லைனில் சீனியர் ஆபரேட்டர். ஷிஃப்ட் ஏறியதும் அவர் கத்திப் பக்கமே வர மாட்டார். நேராக மெஷினின் அந்தக் கோடிக்கு, காகித ரோல் அவிழும் இடத்துக்குப் போவார். ஓடும் காகிதத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். எங்கே விறைப்பு, எங்கே தொய்வு என்று கையிலேயே தெரியும் அவருக்கு.

“இங்க தொடு தம்பி. லூஸா இருக்கா? இந்த எடத்துல மால் சரியா உக்காராது பாரு.”

தொட்டுப் பார்த்தேன். ஒரு சாண் அகலத்துக்குக் காகிதம் தளர்ந்து துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தளர்ந்த பட்டை கத்திக்கு அடியில் ரோலோடு படியாமல் கொஞ்சம் எழும்பி நிற்கும். எழும்பினால் அங்கே மட்டும் இடைவெளி குறையும். அந்த இடத்தில் படலம் மெலிந்து, நீளம் முழுக்க ஒரு பட்டையாகத் தெரியும். ஓவன் தாண்டி அரை மணி கழித்து தரம் பார்க்கும் க்யூ.சி. மேஜையில் தெரிய வேண்டியது பாயின் உள்ளங்கைக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது.

காகிதம் இப்படித் தளர்வதற்கு நம் ஊர்ப் பருவத்துக்கும் பங்கு உண்டு. ஐப்பசி மழையில் கோடவுனில் கிடக்கும் ரோல், இரண்டு ஓரங்களிலும் ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஓரம் நீண்டு அலை அலையாகிவிடும். சித்திரை வெயிலில் நேர்மாறு: ஓரம் உலர்ந்து சுருங்கி இறுகும், நடுப்பகுதி தொய்யும். அதனால் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், ரோலை லைன் இருக்கும் ஹாலிலேயே ஒரு நாள் வைத்திருந்து, ஓட்டும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். இது எல்லா மேனேஜருக்கும் தெரியும். அவசர ஆர்டர் வரும்போது முதலில் காற்றில் போவதும் இதுதான்.

இன்னொன்று ஜாயிண்ட். ஒரு ரோல் முடிந்து அடுத்த ரோலை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு தடிப்பாக இருக்கும். அது கத்தியில் மோதினால் காகிதம் கிழிந்து, ஊற்றிய மால் முழுக்க ரோலில் வழியும். அன்வைண்டரில் (ரோல் அவிழும் இடத்தில்) நிற்பவர் “ஜாயிண்ட்!” என்று கத்துவார். பாய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒட்டு கத்தியை நெருங்கும் கணத்தில் தூக்கி, தாண்டியதும் இறக்குவார். சீக்கிரம் தூக்கினால் பல மீட்டருக்கு மால் மொத்தையாக ஏறி ஓவனில் வேகாமல் போகும். பாய் இறக்கிய பிறகு பார்த்தால் மொத்தை ஒரு முழ நீளத்துக்குள் அடங்கியிருக்கும். ஆனால் அத்தோடு அவர் விட மாட்டார். கத்தி இறங்கிய இடத்தில் குனிந்து, டார்ச் அடித்து, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்ப்பார். டேப்பிலிருந்து பிரிந்த ஒரு நூலோ தூசியோ கத்தி அடியில் மாட்டியிருந்தால், அங்கிருந்து ஒரு கோடு புறப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 10 மீட்டர் ஓடும் லைனில் ஒரு நிமிடம் கவனிக்காவிட்டால் 10 மீட்டர் போயிற்று. மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதைக் கத்திக்குப் பின்புறமிருந்து செருகி ஒரே இழுப்பு. கோடு நின்றுவிடும்.

மால் கலக்கும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளம் குறைந்த வேலை என்று அங்கே புது ஆட்களைப் போடுவது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பாதிக் கோட்டிங் அங்கேதான் நடக்கிறது. மாலின் கெட்டித்தன்மையை அளக்க, மெல்லிய மாலுக்கு பி4 கப் வைத்துப் பார்ப்போம். அடியில் 4 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு கிண்ணம். நிரப்பி, விரலை எடுத்து, ஒழுகித் தீர எத்தனை வினாடி என்று எண்ணுவது. கெட்டியான மாலுக்கு அது உதவாது, புரூக்ஃபீல்ட் மீட்டர் வேண்டும். வேலூர் வெயிலைப் பற்றி நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலை ஆறு மணிக்கு அளந்த மால் மதியம் இரண்டு மணிக்கு அதே மால் இல்லை. சூட்டில் இளகியிருக்கும். டிரம்மை மூடாமல் விட்டிருந்தாலோ கரைப்பான் ஆவியாகி மேல்பக்கம் கெட்டியாகியிருக்கும். ஒரே டிரம்மில் இரண்டும் ஒன்றாக நடப்பதால், காலை ரீடிங்கை வைத்து மாலை வரை ஓட்டுவது ஆபத்து. வேகமாகக் கலக்கினால் காற்று சிக்கும். கொஞ்ச நேரம் ஆறவிடாமல் ஓட்டினால் ஊசித் துளைகள். நைலான் துணியில் வடிகட்டாமல் விட்டால் ஜெல் கட்டிகள் கத்தியில் மாட்டும். பக்கத்து ஷெட்டில் எங்கோ சிலிகான் ஸ்ப்ரே அடித்த கையோடு ஒருவர் டிரம்மைத் தொட்டால்கூட படலத்தில் வட்ட வட்டமாக மால் விலகி நிற்கும். மீன்கண் என்போம் அதை. இவை ஒன்றுக்கும் கத்தி பொறுப்பில்லை.

சீராக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணை நம்ப முடியாது. ஜிஎஸ்எம் கட்டர் என்று ஒரு வட்ட வெட்டி இருக்கிறது. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி வரும். அதன் எடையைக் கிராமில் பார்த்து 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் (அதுதான் ஜிஎஸ்எம்) என்பது கிடைத்துவிடும். பூசாத வட்டம் 0.80 கிராம், பூசி உலர்ந்த வட்டம் 1.15 கிராம் என்றால் ஏறிய பூச்சு 35 ஜிஎஸ்எம். தராசில் 0.01 கிராம் ஆடினாலே 1 ஜிஎஸ்எம் வித்தியாசம் காட்டும். அதனால் எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். மே மாதத்தில் அந்த அறையில் விசிறியை நிறுத்தி, இடம், நடு, வலம் என்று மூன்று வட்டம் பொறுமையாக எடை போட்டுப் பதிவேட்டில் எழுதும் பெண்களை நான் மதிக்கிறேன். அவர்கள் எழுதும் மூன்று எண்களில்தான் மொத்த லைனின் நேர்மையும் இருக்கிறது.

கத்தி தவிர வேறு வழிகளும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: எவ்வளவு படிய வேண்டும் என்பதை இங்கே யார் முடிவு செய்கிறார்கள்?

தோய்த்து எடுக்கும் முறையில் திரவமே முடிவு செய்கிறது. ஒரு தகட்டைத் திரவத்திலிருந்து மேலே இழுத்தால் எவ்வளவு கனத்தில் ஒட்டி வரும் என்று சோவியத் பௌதிக அறிஞர்கள் லெவ் லாந்தாவும் வெனியமின் லெவிச்சும் 1942-ல் கணக்குப் போட்டார்கள். மெதுவான ஓட்டத்தில், வேகத்தை 8 மடங்காக்கினால் படலம் 4 மடங்கு கனக்கும். திரவத்தின் கெட்டித்தன்மைக்கும் இதே விதி. அதாவது வேகம் ஏறினால் கனம் ஏறும், சூடு மாறினால் கனம் மாறும். லைனை மெதுவாக ஓட்டி ஷாம்பிள் எடுத்துக் காட்டி, ஆர்டர் வந்ததும் வேகத்தைக் கூட்டுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கம்பி சுற்றிய தண்டு முறையில் கம்பி முடிவு செய்கிறது. மேயர் ராடு என்று பெயர். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் மேயர் என்பவரின் கம்பெனி கொண்டுவந்தது. தண்டைச் சுற்றி நெருக்கமாகக் கம்பி சுற்றியிருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே விழும் பள்ளத்தில் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் படியும். ஈரப் படலம் கம்பியின் விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 0.25 மில்லிமீட்டர் கம்பி என்றால் 0.025. லேபில் ஒரு காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்து, மாலை ஊற்றி, இந்தத் தண்டால் ஒரே இழுப்பு இழுத்து ஷாம்பிள் போடுவதில் ஒரு நிறைவு உண்டு. கை நடுங்காத ஆள் இழுத்தது பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது முறையில் பம்ப் முடிவு செய்கிறது. ஸ்லாட் டை. அகலம் முழுக்க ஒரு மெல்லிய பிளவு. பம்ப் தள்ளுவது அனைத்தும் காகிதத்தில்தான் போய் உட்கார வேண்டும், வழித்து எடுப்பதே கிடையாது. 1 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம், நிமிடத்துக்கு 1 லிட்டர் மால் என்றால் ஈரப் படலம் 0.10 மில்லிமீட்டர். வேறு எதுவும் வர வழியில்லை. அதே ராசெஸ்டரின் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பெகுவின் 1954-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஃபோட்டோ ஃபிலிமுக்காக வந்த முறை. நம் மாநிலத்தில் ஃபிலிமுக்குப் பூச்சு ஏற்றிய இடம் ஊட்டி: 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் பூச்சை இருட்டில் ஏற்றி, ‘இந்து’ (Indu) என்ற பெயரில் விற்றார்கள். டார்ச் அடித்துக் கோடு பார்க்கும் வசதி அந்த ஆபரேட்டர்களுக்கு இல்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

இந்த மூன்றுக்கும் முந்தைய ஒரு பூச்சு எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. என் தாத்தா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். விடியும் நேரத்தில், வெயில் ஏறுவதற்குள், பாவை நீளமாக நீட்டிக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தெளித்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று, அகலமான பிரஷ்ஷால் ஒரே நடையில் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஒருவர் முந்தினால் அந்த இடத்தில் கஞ்சி திட்டாக நின்றுவிடும். திட்டு நின்ற இடத்தில் நூலோடு நூல் ஒட்டி, தறியில் அறுந்து போகும். தாத்தா எங்களை அதட்டியதெல்லாம் தேய்க்கும்போது தான். “வெக்கிறது பெருசில்லடா, இழுத்து எடு” என்பார். கஞ்சி ஏறுவதற்கு முன் பாவின் விறைப்பைக் கையால் தட்டிப் பார்ப்பார். பாய் காகிதத்தைத் தட்டிப் பார்த்தபோது அது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வெயில் ஏறும் முன் ஏன்? உலர்த்துவதும் பூச்சின் பகுதிதான். சூட்டை எடுத்த எடுப்பில் கூட்டினால், காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல, மேலே மட்டும் உலர்ந்து ஒரு தோல் கட்டிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் பிறகு கொதித்து, அந்தத் தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். கொப்புளம், துளை எல்லாம் அப்படி வருபவைதான். அதனால் ஓவனின் முதல் பகுதியைச் சூடு குறைவாக வைத்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். பி.யு. மாலில் இருக்கும் கரைப்பான்களில் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) 80 டிகிரியில் கொதிக்கும், டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு) 153 டிகிரியில். முதலாவது அவசரமாகப் போய்விடும், இரண்டாவது கடைசி வரை உட்கார்ந்திருக்கும்.

அந்த டி.எம்.எஃப். பற்றி அமைதியாக எழுத என்னால் முடியாது. மூச்சில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், ஈரலைக் கெடுக்கும். 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பொதுவாக 2023 டிசம்பரிலிருந்து அமல். துணியிலும் காகிதத்திலும் பி.யு. பூசும் இந்த வேலைக்கு 2024 டிசம்பர் வரை அவகாசம் தந்தார்கள். அது அவர்கள் நாட்டுத் தொழிலாளிக்கான சட்டம். நம் ஊரில் லைனிங் ஓட்டும் ஆளுக்கும் ஈரல் ஒன்றுதானே? கத்தியைத் துடைக்கும்போது கையுறை போட்டால் பிடி வழுக்குகிறது என்று கழற்றி வைக்கும் ஆட்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பிடி வழுக்காத, டி.எம்.எஃப். தாங்கும் கையுறையாகப் பார்த்து வாங்கித் தர வேண்டியது கம்பெனியின் வேலை.

தண்ணீர் சார்ந்த பி.யு. வந்துகொண்டிருக்கிறது. வர வேண்டும். ஆனால் டிரம்மை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் சிரமப்படுவார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, டொலுயின் என்னும் கரைப்பானில் ஒரு கிலோவுக்கு ஆவதைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பம் வேண்டும். ஓவன் நீளம் போதாது, இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அடுத்து, தண்ணீரின் பரப்பு இழுவிசை டொலுயினைப் போல இரண்டரை மடங்கு. ரிலீஸ் பேப்பர் எதையும் ஒட்டவிடாமல் இருக்கவே செய்தது. அதன்மேல் தண்ணீர் மால் பரவ மறுத்துச் சுருண்டு ஓரத்திலிருந்து உள்ளே வாங்கிக்கொள்ளும். பரவ வைக்கும் மருந்து சேர்த்தால் நுரைக்கும். நுரை அடக்கும் மருந்து கூடினால் மீன்கண். இதையெல்லாம் சரிக்கட்ட முடியும், சரிக்கட்டி ஓட்டுகிறார்கள். அதற்கு மிக்ஸிங் அறையில் அனுபவசாலி வேண்டும், லைனில் சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும்.

அக்கா மகன் காட்பாடியில் படித்துவிட்டு, இப்போது லித்தியம் பேட்டரிக்கான எலெக்ட்ரோடு பூசும் லைனில் சேர்ந்திருக்கிறான். ஷூ லைனிங் எங்கே, பேட்டரி எங்கே என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெல்லிய அலுமினிய ஃபாயில் ஓடுகிறது, அதன்மேல் கறுப்பு மால் சீராக ஏற வேண்டும். ஸ்லாட் டைதான். போன வாரம் போன் பண்ணினான்.

“மாமா, நேத்துலேர்ந்து அங்கங்க மால் வெலகி வெள்ளையா தெரியுது. டையைக் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்றாங்க.”

“எப்பலேர்ந்துடா?”

“புது ஃபாயில் ரோல் போட்டதுலேர்ந்து.”

ஃபாயிலை உருட்டித் தட்டையாக்கும்போது எண்ணெய் விட்டு உருட்டுவார்கள். அது சரியாகப் போகாமல் தங்கியிருந்தால் மால் அந்த இடத்தில் பிடிக்காது. அதைக் கண்டுபிடிக்க டைன் பேனா என்று ஒன்று உண்டு: ஃபாயில்மேல் கோடு போட்டால், மை பரவி நின்றால் நல்லது, முத்து முத்தாகச் சுருண்டால் எண்ணெய் இருக்கிறது. அவர்களிடம் பேனா இருக்கிறதாம், லேப் அலமாரியில். டையைக் கழற்றும் முன் அதை எடுத்துக்கொண்டு அன்வைண்டருக்குப் போய், புது ரோலில் இடம், நடு, வலம் மூன்றிலும் கோடு போட்டுப் பார், மிச்சமிருக்கும் பழைய ரோலிலும் போடு, இரண்டையும் போட்டோ எடுத்து உன் மேனேஜருக்குக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.